நடுவயதின் உடலும் உழைப்பின் வரலாறும்

நடுவயதினர் அளவறிந்து உண்ணல் வேண்டும், போதிய நீர் அருந்தல் வேண்டும், உடலை இயக்கத்தில் வைத்திருத்தல் வேண்டும் என்னும் அறிவுரைகள் இன்று மருத்துவமனைச் சுவர்களிலிருந்து வார இதழ்கள் வரை எங்கும் காணப்படுவன. அறிவுரை பிழையானதன்று. ஆயின் அது யாரை நோக்கிக் கூறப்படுகின்றது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. தன் உணவைத் தானே தெரிந்தெடுக்கவும் தன் நாளைத் தானே பங்கிடவும் வல்ல ஒரு தனிமனிதனை இவ்வறிவுரை முன்கூட்டியே கற்பித்துக்கொள்கின்றது.

இக்கற்பிதம் நமக்குப் புதியதன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, முன்னர் உண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்ணுதலையே பெரிதும் வற்புறுத்துகின்றது. ‘நல்குரவு’ 105ஆம் அதிகாரமாக அமைகின்றது. இரண்டும் பொருட்பாலிலேயே உள்ளன. எனினும் மருந்து கூறுமிடத்தில் உண்பதற்கு இல்லாதவனைப் பற்றிய பேச்சு இல்லை. இலக்கிய மாணவனால் இவ்விடைவெளியைச் சுட்டிக்காட்ட முடியும். அதனை அளந்து காட்டுவதற்கு வேறொரு துறையின் துணை வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் நகரின் பஸ் வண்டிகளில் நிகழ்ந்த ஓர் ஆய்வு அவ்வகையில் நம் கவனத்துக்குரியது.

அதனை நடத்தியவர் ஜெரமி மொறிஸ். போலந்திலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பமொன்றில் 1910இல் லிவர்பூலில் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்தவர், சோசலிசச் சார்புடையவர். சமூகக் கொள்கை அறிஞர் றிச்சட் ரிற்மஸுடன் இணைந்து 1940களில் வறுமைக்கும் நோய்க்குமுள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1948இல் நிறுவப்பட்ட சமூக மருத்துவ ஆய்வுப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அக்காலப் பிரித்தானியாவில் நடுவயது ஆண்களிடையே மாரடைப்பு பெருகிவந்தது. காரணம் தெளிவாக இருக்கவில்லை. தொழிலின் தன்மையில் விடை இருக்கலாம் என்பது மொறிஸின் ஊகம்.

இலண்டன் போக்குவரத்துச் சேவையில் 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 ஆண்கள் ஆராயப்பட்டனர். இரட்டைத்தட்டு பஸ் வண்டியிலே இருவர் பணிபுரிந்தனர். சாரதி தன் வேலை நேரத்தின் பத்தில் ஒன்பது பங்கை அமர்ந்தவாறே கழித்தார். நடத்துனரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 வரையிலான படிகளை ஏறினார். 1953இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் வெளிவந்த முடிவு, நடத்துனரிடையே மாரடைப்பு குறைவு என்பதோடு, அது தோன்றுமிடத்தும் பிந்தியே தோன்றியது, உயிரிழப்பும் குறைவாகவே இருந்தது எனக் காட்டிற்று. கடிதம் சுமந்து வீடுவீடாகச் சென்ற தபாற்காரரையும் மேசையடியில் இருந்த எழுதுவினைஞரையும் ஒப்பிட்டபோதும் அதே போக்கே தென்பட்டது.

இவ்வாய்வின் முறையியற் சிறப்பு ஊன்றி நோக்கத்தக்கது. சாரதியும் நடத்துனரும் ஒரே வர்க்கத்தினர். ஒரே நிறுவனத்தின் ஊழியர். ஒரே வண்டியில் ஒரே வீதிகளிற் சென்றவர். அவர்களைப் பிரித்தது ஒரு படிக்கட்டு மாத்திரமே. செல்வரையும் வறியவரையும் ஒப்பிட்டிருந்தால் ஆயிரம் காரணங்கள் குறுக்கிட்டிருக்கும். இங்கோ தொழிற்பிரிவினை இருதயக் குழாய் வரை ஊடுருவி நிற்றல் கண்கூடாகின்றது. ‘மூலதனம்’ முதற் தொகுதியின் வேலைநாள் பற்றிய அதிகாரத்தைத் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளைக் கொண்டு மார்க்ஸ் எழுதிய முறைமையை அறிந்தோர்க்கு மொறிஸின் அணுகுமுறை அந்நியமாகத் தோன்றாது.

எதிர்வாதமும் எழாமலில்லை. பருத்த உடலினர் தாமாகவே சாரதித் தொழிலை நாடியிருக்கலாமல்லவா? இவ்வினாவை முதலில் எழுப்பியவர்களுள் மொறிஸும் ஒருவர். நிறுவனம் வழங்கிய சீருடைகளின் பதிவேடுகளை அவர் குழுவினர் எடுத்துக்கொண்டனர். காற்சட்டையின் இடுப்பளவு அங்கு குறிக்கப்பட்டிருந்தது! சாரதிகளின் இடுப்பு இளம் வயதிலேயே நடத்துனரின் இடுப்பினும் பெரிதாயிருந்தமை 1956இல் வெளியான அக்கட்டுரையிற் பதிவாகியுள்ளது. தையற்காரனின் அளவுகோலையும் சான்றாக்கிய அந்த ஆய்வு நேர்மை, தம் கொள்கைக்கு இசைந்த தரவுகளை மாத்திரம் திரட்டும் நம்மவர் சிலருக்குப் பாடமாகலாம். பின்னர் நிகழ்ந்த தொடராய்வுகள், உடற்பருமன் வேறுபாட்டைக் கணக்கிற் கொண்ட பின்னரும் நடத்துனருக்கு ஓரளவு பாதுகாப்பு எஞ்சுவதைக் காட்டின.

1973இல் வந்த அடுத்த ஆய்வு அரசாங்க நிருவாகப் பணியாளர் ஏறத்தாழ 17,000 பேரைப் பற்றியது. அவர்களுடைய தொழிலில் உடலியக்கம் இல்லை. ஆதலால் ஓய்வு நேரத்தில் அவர்கள் செய்த கடும் உடற்பயிற்சியே ஆராயப்பட்டது. அதுவும் காப்பளிப்பதாகவே கண்டறியப்பட்டது. மருத்துவ நோக்கில் இது வளர்ச்சி. வரலாற்று நோக்கில் ஒரு திருப்பம்: உடலியக்கம் உழைப்பிலிருந்து பிரிந்து, ஓய்வு நேரத்துக்குரியதாகி, ஓய்வு உடையவனின் உடைமையாகின்றது. நடத்துனர் பணியாற்றிய பழைய இரட்டைத்தட்டு வண்டிகள் இலண்டனின் வழமையான சேவையிலிருந்து 2005 டிசம்பரில் நீக்கப்பட்டன. கூலியோடு சேர்ந்து கிடைத்த படியேற்றத்தை, இன்று சந்தாப்பணம் செலுத்தி, இயந்திரப் படிகளில் ஏறிப் பெறவேண்டியுள்ளது. பண்டமாக்கலுக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை.

இதனால் உடலுழைப்பு எல்லாம் நலம் பயக்கும் எனக் கொள்ளலாகாது. உழைப்பைப் புனிதப்படுத்துவது நமது இலக்கியத்தில் முற்போக்கு அணியினரும் தவிர்க்காத ஒரு வழு. இலண்டன் நடத்துனர் 1950களில் நிலையான கூலியும், வரையறுத்த வேலை நேரமும், 1948இல் தொடங்கிய இலவசத் தேசிய மருத்துவ சேவையும் உடையவராயிருந்தார். அவை இல்லாத இடத்தில் படியேற்றத்தின் பொருள் வேறாகின்றது. நமது மலையகத்தை எடுத்துக்கொள்வோம். நாள் முழுவதும் செங்குத்தான சரிவில் கூடையுடன் ஏறியிறங்கும் நடுவயதுப் பெண்ணுக்கு உடற்பயிற்சி போதாது என்று எவரும் கூறார். கோதுமை மா ரொட்டியையும் சீனி சேர்த்த தேநீரையும் பெரிதும் சார்ந்த உணவே அவளுடைய இடர். 1970களின் நடுப்பகுதியில் ஏற்பட்ட உணவு நெருக்கடியின்போது தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் சடுதியாக உயர்ந்தது. இயக்கம் மிகுந்த அவ்வுடல்களே முதலில் வீழ்ந்தன.

நீர் அருந்தும் செய்தியும் அத்தகையதே. மலசலகூடமற்ற தேயிலை மலையிற் பணிபுரியும் பெண் நீரைத் தவிர்ப்பது அறியாமையாலன்று. வடமத்திய மாகாணத்தில் 1990கள் முதல் கவனத்துக்கு வந்த, காரணம் முற்றாகத் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயும் நடுவயது விவசாயிகளையே பெரிதும் தாக்கியது. நிலத்தடி நீரின் வன்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரிழந்து உழைத்தல் என விளக்கங்கள் பல. மத்திய அமெரிக்காவின் கரும்பு வெட்டுநரிடையே இதனையொத்த நோய் காணப்பட்டபோது அங்கு சோதித்துப் பார்க்கப்பட்ட பரிகாரம் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றும் சேர்ந்தது. வெட்டிய அளவுக்குக் கூலி பெறுபவன் நீர் அருந்த நிற்கும் ஒவ்வொரு கணமும் அவன் கூலியிற் கழிகின்றது. ஆதலின் தண்ணீரை ஓய்விலிருந்து பிரித்து வழங்க இயலாது. நெல்வயலில் இறங்குபவனுக்கோ ஓய்வளிக்கத் தனியொரு முதலாளி இல்லை. கடனும் பருவமுமே அவனை வெயிலில் நிறுத்துகின்றன.

மொறிஸ் இத்திசையிலேயே நகர்ந்தார். பிரித்தானியாவின் வர்க்கங்களுக்கிடையே நலவாழ்வில் நிலவிய ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த பிளாக் குழுவில் அவரும் உறுப்பினர். அதன் அறிக்கையை 1980 ஓகஸ்டில், விடுமுறைக் காலமொன்றில், 260 தட்டச்சுப் பிரதிகளாக மாத்திரம் தட்சர் அரசாங்கம் வெளியிட்டது. பரிந்துரைகளின் செலவு ஏற்கவியலாதது எனவும் கூறியது. தொண்ணூறு வயதை அண்மித்த மொறிஸ், 2000இல் தம் சகாக்களுடன் வேறொரு கணக்கைப் போட்டார். நலமாக வாழ்வதற்கு வேண்டியவை என மருத்துவமே ஏற்றுக்கொண்ட உணவு, உடற்பயிற்சி, உறையுள், மனிதத் தொடர்பு ஆகியவற்றை வாங்குவதற்கு இளைஞன் ஒருவனுக்கு வாரமொன்றுக்கு எவ்வளவு வருமானம் தேவை என்பதே அக்கணக்கு. 2007இல் முதியோருக்கும் அதனைச் செய்தார். 2009இல், 99 வயதில் மறைந்தார்.

நமது தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நெடிய போராட்டத்தின் பின் 2021இல் 1000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதனையொட்டிய வாதங்களில் நாளொன்றுக்கு எத்தனை கிலோ கொழுந்து என்பதே நிறுவனங்களின் அளவுகோலாயிருந்தது. மொறிஸின் கணக்கை அங்கு போடுவதாயின் பருப்பு, முட்டை, கீரை, கொதித்தாறிய நீர், மலையிலே ஒரு மலசலகூடம், நண்பகலில் ஒரு மணிநேர நிழல் என்றுதான் பட்டியலைத் தொடங்கவேண்டியிருக்கும்.