அர்த்தசாத்திரத்தில் சந்தனமும் அகிலும்: தரம் அறியும் முறை

பண்டைய இந்திய நூல்களில் காணப்பெறும் மணப்பொருட் பட்டியல்கள் அரண்மனை வாழ்வின் செழிப்புக்குச் சான்றாக எடுத்தாளப்படுவதுண்டு. ஆனால் அவற்றுள் சில, பொருளைக் கொள்வோன் ஏமாறாதிருக்க வகுக்கப்பட்டவை. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில் இரண்டாம் அதிகரணத்தின் 11ஆம் அத்தியாயம் இத்தகையது. 1905இல் மைசூரில் ஆர். சாமசாஸ்திரியின் பார்வைக்கு வந்த கிரந்தச் சுவடியின் வழியே இந்நூல் 1909இல் அச்சேறியது. அதன் காலம் குறித்து ஆய்வாளரிடையே இன்றும் உடன்பாடு இல்லை.

கருவூலத்துக்கு வரும் பொருளை, அப்பொருளின் இயல்பறிந்தோரை உடன்கொண்டே கருவூலத் தலைவன் ஏற்க வேண்டும் என்பது அத்தியாயத்தின் முதல் விதி. தாமிரபரணி, பாண்டிய கவாடம் ஆகியவற்றின் முத்துகளில் தொடங்கி, மணி, வயிரம், பவளம் எனச் சென்று, சந்தனத்தை அடைகிறது நூல்.

அங்கே 16 வகைச் சந்தனம் கூறப்படுகிறது. சாதனம் சிவந்தது, மண் மணம் உடையது. கோசீர்ஷகம் கருஞ்செம்பு நிறத்தது. மீன் மணம் உடையது. கிளிச்சிறகின் நிறம் வாய்ந்த அரிசந்தனத்தில் மாமணம் உண்டு. கிராமேருகத்திலோ ஆட்டின் சிறுநீர் மணம் வீசும்! நறுமணத்துக்கெனப் போற்றப்படும் மரத்துக்கு இவ்வாறு கூறுவது படிப்போர்க்கு வியப்பளிக்கும். இங்கு மணம் சிறப்பைக் குறிக்கவில்லை. இனத்தை அடையாளம் காட்டுகிறது. மேலும், பதினாறில் ஏழு வகைகளுக்கே மணம் சுட்டப்படுகிறது. பொதியிலோடு தொடர்புபடுத்தப்பெறும் மாலேயகத்துக்குக்கூட வெளிர்சிவப்பு நிறம் மட்டுமே குறிப்பு. எஞ்சியவற்றை நிறத்தாலும் மென்மை, கரடு என்னும் தொடுகையாலும் பிரித்தறிய வேண்டும்.

இனம் அறிந்தபின் வருவதே தர மதிப்பீடு. இதற்கெனத் தனியே 11 குணங்கள் தரப்படுகின்றன. கனமின்மை, வழுவழுப்பு, உலராமை, நெய்போல் மேனியிற் படிதல், இனிய மணம், தோலினுள் ஊடுருவல், மிகைப்படாமை, நிறம் மங்காமை, வெப்பம் தாங்கல், உடலின் எரிச்சலை வாங்கிக்கொள்ளல், தொடுதற்கு இன்பம் என்பன அவை. இவற்றுள் முகர்ந்த அளவில் அறியத்தக்கவை மிகச் சில. பெரும்பாலானவை அரைத்துப் பூசி, சிறிது நேரம் காத்திருந்து அறிய வேண்டியவை. அகிலுக்கோ அளவுகோலே வேறு. சந்தனத்தில் கனமின்மை சிறப்பு. அகிலில் கனமே சிறப்பு. நெருப்பைத் தாங்குதல், புகை மிகாமை, தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே மணம், கசக்கினாலும் குன்றாமை ஆகியன அதன் குணங்கள். பூசுபொருள் மேனியிலும் புகைபொருள் தணலிலும் தேறவேண்டும் என்னும் தெளிவு இதில் உள்ளது.

இவ்வறிவின் வணிகப் பயனைத் திவ்யாவதானத்துப் பூரணன் கதை காட்டுகிறது. கடல் ஒதுக்கிய மரத்தைச் சுமந்து செல்பவன் ஒருவன் குளிரால் நடுங்குகிறான். காரணம் அவனுக்கே தெரியவில்லை. பூரணன் நோக்குகிறான், சுமைக்குள் கோசீர்ஷகம் இருப்பதை உணர்ந்து, 500 கார்ஷாபணத்துக்கு வாங்குகிறான். பின்னர்ச் சூர்ப்பாரகத்து (இன்றைய சோபாரா) அரசனின் எரிசுரத்துக்கு அம்மரமே மருந்தாகிப் பெருஞ்செல்வம் ஈட்டித் தருகிறது. அவன் கண்டறிந்தது மணத்தைக் கொண்டன்று. எரிச்சலை வாங்கும் அந்தக் குணத்தைக் கொண்டே. கதையாயினும், அர்த்தசாத்திரப் பட்டியலோடு இது பொருந்துவது தற்செயல் எனத் தோன்றவில்லை.

அகில் வகைகளுள் ஒன்றான பாரசமுத்திரகம், கடலுக்கு அப்பாலது என்னும் பொருள் தருவது; இலங்கையினது எனக் கொள்வாரும் உளர். வெட்டிவேர் மணமோ நவமாலிகை மணமோ உடையது என்று நூல் அதற்கு அடையாளம் கூறும். பல நூற்றாண்டுகளுக்குப் பின் சிலப்பதிகார ஊர்காண் காதைக்கு உரை வரைந்த அடியார்க்கு நல்லாரும் அகிலை அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் எனப் பகுக்கிறார். கிடாரவன் கடாரத்தையும், தக்கோலி மலாய்த் தீபகற்பத்துத் தக்கோலத்தையும், அருமணவன் கீழ்ப்பர்மாவையும் சுட்டுவன என்பர். அங்கே பெயர்கள் மட்டுமே உள்ளன; நிறமோ மணமோ எரியும் தன்மையோ இல்லை. காப்பியச் சொல்லுக்குப் பொருள் விரிக்கும் உரையாசிரியருக்கு அவை தேவைப்படவில்லை. தொண்டித் துறையில் மூட்டையை அவிழ்த்துப் பார்த்த வணிகனுக்கு அவையே தேவைப்பட்டிருக்கும்.