வாசலில் செருகிய வேப்பிலை

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை அடுத்து, தறியோசையோடு விடியும் நெசவாளர் ஊர் அம்மையார்குப்பம். நெசவாளி வீட்டுக்குள் இருந்தபடியே தொழில் செய்பவனாகையால் கொரோனா ஊரடங்கினால் அவனுக்கு அதிக சிரமம் நேர்ந்திராது என்று வெளியூர்க்காரர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. பாவு நூலும் ஊடை நூலும் வெளியிலிருந்து வந்து, நெய்த துணி வெளியே போய், கூலி கைக்கு வந்தால்தான் அவனுடைய மளிகைக் கடைப் பற்று தீரும். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்கவோ, கர்ப்பிணிப் பெண்ணைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகவோ, கிருத்திகைக்கு மலையேறவோ அவன் வாசற்படியைத் தாண்டித்தான் ஆகவேண்டும். இந்தச் சில்லறைப் பிரயாணங்கள் நின்றுபோனபோது ஓர் ஊர் எப்படிப் பிழைத்தது என்பதைச் சரித்திர நூல்கள் அதிகமாக எழுதி வைக்கவில்லை. மரணங்களின் தொகையும் சர்க்கார் உத்தரவுகளும் பதிவாகியிருக்கின்றன. அடுத்த வீட்டுக்காரிக்கு யார் உப்பு வாங்கி வந்து கொடுத்தார்கள் என்பது பதிவாகவில்லை. எனக்கோ பின்னதுதான் முக்கியமாகப் படுகிறது.

நம் கிராமங்களில் தொற்றுநோய்க் காலத்து ஒதுங்கலுக்குச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு சம்பிரதாயம் இருந்தது. ஒரு வீட்டில் அம்மை முத்துப் போட்டிருக்கிறது என்று தெரிந்த அன்றே வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவார்கள். அதைக் கண்ட உறவினர் தெருவிலேயே நின்றுவிடுவர். வெளியூரிலிருந்து வந்தவர் அந்த வீட்டுக்குள் நுழையமாட்டார். அடுப்பில் தாளிப்பதில்லை, மாமிசம் சமைப்பதில்லை, எண்ணெய் தேய்த்துக் கொள்வதில்லை. நோயாளியை வேப்பிலை பரப்பிய பாயில் கிடத்தி, இளநீரும் மோரும் கொடுத்து, அரிப்பு எடுத்தால் நகம் படாமல் வேப்பங்கொழுந்தினால் தடவி, மாரியம்மன் தாலாட்டை மெல்லிய குரலில் படித்துக்கொண்டிருப்பார் வீட்டு மூதாட்டி. முத்து இறங்கி, மூன்று முறை தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகே அந்த வீடு மீண்டும் ஊரோடு கலக்கும். அதுவரை அவ்வீட்டாரின் கடை வேலையையும் கிணற்று வேலையையும் யாராவது பங்காளியோ அண்டை வீட்டாரோ ஏற்றுக்கொள்வர். வாங்கி வந்ததைத் திண்ணையில் வைத்துக் குரல் கொடுத்துவிட்டு விலகிப் போவர். ஒருவன் போகக்கூடாது என்றால் அவனுக்காக இன்னொருவன் போகவேண்டும் என்ற இரண்டாவது பாதியையும் சேர்த்தே அந்த விதி இயற்றப்பட்டிருந்தது. அதன் மேன்மை அங்கேதான் இருக்கிறது.

வேப்பிலை பெரியம்மையை ஒழித்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதை ஒழித்தது அம்மைப்பால். கிண்டியில் 1899இல் தோன்றிய கிங் நிலையம் அந்த அம்மைப்பாலைத் தயாரிக்கவே முதலில் ஏற்பட்டது. அங்கிருந்து ஜில்லாக்களுக்கு மருந்து போயிற்று. அம்மை குத்துகிறவரைக் கண்டால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மார்களைச் சம்மதிக்க வைக்க இரண்டு மூன்று தலைமுறைகள் ஆயின. 1975 மே மாதத்தில் நம் தேசத்தின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டு, 1980இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. கொரோனா வந்தபோது தமிழ்நாட்டின் சளி மாதிரிகளை முதலில் சோதிக்கத் தொடங்கியதும் அதே கிங் நிலையமே.

சர்க்கார் ஒதுக்கலின் கதை வேறு விதமானது. 1896இல் பம்பாயில் பிளேக் கண்டதும், மறு வருஷமே தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை ராஜதானியில் பிளேக் பரவிய இடங்களிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு ஒரு சீட்டுக் கொடுத்து, போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் வரையில் தினந்தோறும் அதிகாரி முன் ஆஜராகித் தேக நிலையைக் காட்டவேண்டும் என்று விதித்தார்கள். பம்பாயில் சிப்பாய்கள் வீடு புகுந்து நோயாளிகளை இழுத்துச் சென்ற முறையைவிட இது எவ்வளவோ மனிதத்தன்மை உள்ளதுதான். ஆயினும் அன்றாடம் கூலிக்குப் போனால் உண்டு, போகாவிட்டால் இல்லை என்றிருப்பவனுக்கு, பத்து நாள் ஆஜராவது என்பது அந்த நாள்களின் வருமானத்தில் ஒரு பங்கை இழப்பதே ஆகும். அவனுடைய வேலையை அந்தப் பத்து நாளும் யார் செய்வது என்று உத்தரவு சொல்லவில்லை.

1918இன் விஷஜுரம் இன்னும் கொடியது. யுத்தத்திலிருந்து திரும்பிய கப்பல்களோடு அது பம்பாயில் இறங்கியது ஜூன் மாதவாக்கில். ஆனால் கிராமங்களை அழித்தது மழைக்காலத்தை ஒட்டி வந்த இரண்டாவது அலை. அந்த வருஷம் பருவமழையும் பொய்த்தது. அரிசியும் துணியும் விலை ஏறி, செப்டம்பரில் சென்னைக் கடைகளை ஜனங்கள் சூறையாடும் அளவுக்குப் போயிற்று. தேசம் முழுவதிலும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பங்கு, வழக்கத்துக்கு மாறாக, நடுவயதைத் தொடாத வாலிபர்களும் தாய்மார்களும். இதனால்தான் வேப்பிலைச் சம்பிரதாயம் அந்த ஜுரத்தின்முன் நிலைகுலைந்தது என்று நினைக்கிறேன்: ஒரு வீடு படுத்தால் பக்கத்து வீடு பார்த்துக்கொள்ளும், தெருவே படுத்துவிட்டால் திண்ணையில் கஞ்சி கொண்டுவந்து வைப்பதற்கு யார் இருக்கிறார்கள்?

அந்நாளில் திருத்தணி வட்டாரம் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1ஆம் தேதி அது சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. எல்லை மாறிற்றே தவிர, சம்பந்தம் செய்துகொள்வதும் சந்தைக்குப் போவதும் மாறவில்லை. இப்பக்கத்து ஜனங்களுக்கு எல்லைக்கு அப்பாலுள்ள நகரியும் புத்தூரும் சோளிங்கரைப்போலவே சொந்த ஊர்கள். ஆனால் கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் கடைசியில், மேற்கே வேலூர் மாவட்டத்தில், பலமனேர் சாலையில் சைனகுண்டா அருகிலும் பொன்னைப் பக்கத்திலும் சாலைக்குக் குறுக்கே செங்கல் அடுக்கிச் சுவரே எழுப்பிவிட்டார்கள். கண்டனம் எழுந்ததும் அவை சீக்கிரமே இடிக்கப்பட்டன. ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையைச் சுவர் வைத்து அடைக்கலாம் என்ற எண்ணம் ஓர் அதிகாரிக்கு வந்ததே எனக்கு இன்றுவரை வருத்தம் தருகிறது.

அந்த 2020இல் மார்ச் 25ஆம் தேதி முதல் ஊரடங்கு. நூல் லாரி நின்றது. நெய்த துணி முதலாளி வீட்டிலேயே அடுக்கிக் கிடந்தது. தறி இருந்தும் தொழில் இல்லை. பழைய குழித்தறிக் காலத்து வேலையில், விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்து, குறுக்கே மூங்கிற்கழிகள் கொடுத்து இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்ந்த தூரிகையால் இருபுறமும் ஆட்கள் வாரிக்கொண்டே நடக்க, அறுந்த இழைகளைப் பெண்கள் விரல்நுனியால் திரித்து முடிவார்கள். வெயில் ஏறுமுன் முடியவேண்டிய அந்தக் காரியத்துக்குப் பல கைகள் ஒரே சமயத்தில் வேண்டும். அப்படிப்பட்ட தொழிலை நடுவில் வைத்து வாழ்ந்த ஜனங்களுக்கு, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நில்லுங்கள் என்ற உபதேசம் எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும்!

ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் கிடைத்தன. எந்த நாளில், எந்த நேரத்தில் வரவேண்டும் என்று குறித்த டோக்கன் கொடுத்து, ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டு நிறுத்தினார்கள். வட்டத்தில் ஆளுக்குப் பதிலாகப் பையை வைத்துவிட்டு நிழலில் ஒதுங்குவது நம்மவர் கண்டுபிடித்த உபாயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆங்கில வைத்தியருடன் கைபேசியிலேயே பேசி மருந்துச் சீட்டுப் பெறும் இ-சஞ்சீவனி சேவை அந்த ஏப்ரலில் தொடங்கிற்று. அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆனால் கைபேசியைப் பிடித்துக் கொடுக்க வீட்டில் ஒரு பேரப்பிள்ளை இல்லாத கிழவிக்கு அதனால் என்ன பிரயோஜனம்? அங்கும் இன்னொருவர் கை தேவைப்பட்டது. வீடு வீடாகக் கபசுரக் குடிநீர் கொண்டுவந்தவர்களை ஜனங்கள் ஆவலோடு எதிர்பார்த்ததற்கு, அந்தக் கஷாயத்தின் மேலிருந்த நம்பிக்கை மட்டும் காரணமாயிராது. வாசலுக்கு ஒரு மனிதர் வந்து நலம் விசாரித்தார் என்பதும் காரணமாயிருக்கலாம்.

பொழுதுபோக்கு என்பதைச் சிறிய விஷயமாக ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. பரணில் கிடந்த பல்லாங்குழியும் தாயக்கட்டையும் இறங்கி வந்தன. புளியங்கொட்டை பொறுக்கிக் கழுவிக் காய வைத்த பிள்ளைகளுக்குப் பாட்டிமார் ஆட்டம் சொல்லிக்கொடுத்தனர். இவை வீட்டளவில் நடந்தவை. ஊரளவில் நடந்திருக்க வேண்டியது பாரதக் கூத்து. தொண்டை மண்டலத்தின் இந்தப் பகுதியில் கோடை பிறந்தால் திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாகப் பல நாள் விழா நடக்கும். அர்ச்சுனன் தபசு மரமேறுவதும், துரியோதனன் படுகளமும், முடிவில் தீமிதியும் பார்க்காமல் இங்கே கோடை கழிவதில்லை. ஒரு பருவத்தின் சம்பாத்தியத்தை வைத்து வருஷம் முழுவதும் ஜீவிக்கும் கூத்துக் கலைஞர்களுக்கு 2020லும் 2021லும் அந்தப் பருவமே இல்லாமற் போயிற்று. கிரீடக் கட்டைகளும் முத்துச்சரங்களும் பெட்டியில் கிடக்க, பலர் கூலி வேலைக்குப் போனார்கள். தறிக்குக் கூலி நின்றால் அதைக் கணக்குப் போட ஒரு துறை உண்டு. கூத்து நின்றதை யார் கணக்குப் போட்டார்கள்?

திருத்தணி மலையிலும் ஆடிக் கிருத்திகை 2020இல் பக்தர் இல்லாமல் நடந்தது. புஷ்பக் காவடிகள் படியேறாத அந்த விழாவை ஜனங்கள் தத்தம் வீட்டுப் பூஜை அலமாரிக்கு முன்னால் கொண்டாடினார்கள். 2021 ஆகஸ்டு 2ஆம் தேதி வந்த கிருத்திகைக்கும் அதே கதி. அதற்கு மூன்றாம் நாள், ஆகஸ்டு 5ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிற்று. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளைப் பையில் எடுத்துக்கொண்டு, அந்தந்த ஊரைச் சேர்ந்த பெண்களே வீடு வீடாகப் போகிறார்கள். எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. ஊரடங்கு நீங்கி வருஷங்கள் ஆன பின்பும் அந்த வருகை நிற்கவில்லை.