40 டிகிரி எதன் வெப்பம்? மதுரைச் சமவெளியில் ஃபென்டனில் பேட்ச்சும் வெப்ப எச்சரிக்கையும்

கத்திரி வெயில் கொளுத்தும் ஊர்களுக்கு, தோலில் ஒட்டும் ஓபியாய்டு வலிமருந்தான ஃபென்டனில் பேட்ச் ஒத்துவராது என்ற கருத்து நோய்த்தணிப்பு மருத்துவ வட்டாரத்தில் நெடுநாளாகப் புழங்குகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, மருத்துவர்களுக்கான மருந்துக் குறிப்பில் உள்ள ஒரே ஒரு வாக்கியம். 40 டிகிரி செல்சியஸில் இரத்தத்தில் ஃபென்டனிலின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடக்கூடும் என்கிறது அது. மதுரையில் மே மாதம் 40ஐத் தாண்டுவது புதிதல்ல. ஆகவே திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து நோயாளிகளுக்குக் கோடையில் இதைத் தவிர்ப்பதே நலம் என்று வாதம் முடிகிறது. இந்த வாசிப்பு தவறு என்பது என் முடிவு. இதனால் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் மறைந்துபோகிறது.

அந்த வாக்கியத்தை முழுதாகப் படிக்க வேண்டும். அது சொல்லும் 40 டிகிரி நோயாளியின் உடல் வெப்பம். ஊரின் வெப்பம் அங்கே பேச்சிலேயே இல்லை. மேலும் அது நோயாளிகளிடம் அளந்து கண்ட எண்ணும் அல்ல. உடல் சூடேறும்போது பேட்ச்சிலிருந்து மருந்து வேகமாக வெளிவரும், தோலும் அதை எளிதாக உள்ளே விடும் என்ற அடிப்படையில் கணித மாதிரி ஒன்று தந்த மதிப்பீடு அது. ‘கோட்பாட்டளவில்’ என்ற எச்சரிக்கையும் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. குழப்பத்துக்கு இடம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். மதுரையில் 104 டிகிரி ஃபாரன்ஹீட் (அதாவது 40 செல்சியஸ்) வெயில் என்று நாளிதழ் போடுவதும், காய்ச்சல்மானி 104 காட்டுவதும் ஒரே எண்தான். ஆனால் வெளியே 104 இருக்கும்போது வியர்க்கும் உடல் தன் உள்வெப்பத்தை 98.6ஐ ஒட்டியே வைத்துக்கொள்கிறது. தோலின் வெப்பம் அதற்கும் சற்றுக் கீழே நிற்கிறது. மதுரையின் வறண்ட வெயிலில் வியர்வை சட்டென ஆவியாவதால் இந்தக் குளிர்விப்பு நன்றாகவே நடக்கிறது.

விலக்குகள் உண்டு. வியர்வை சுரப்பு குறைந்த முதியவர், நீர்ச்சத்து இழந்தவர், தகரக் கூரைக்கு அடியில் நடுப்பகலில் படுத்துக் கிடப்பவர் ஆகியோருக்கு உள்வெப்பமே ஏறலாம். வெப்பவாதம் தாக்கி உடல் 104ஐத் தொட்டால் அந்த வாக்கியம் எழுத்துக்கு எழுத்து பொருந்தும். ஆனால் கோடை முழுவதும் பேட்ச்சை விலக்கி வைக்க இது காரணமாகாது. அந்த நோயாளிகளை இனங்கண்டு கவனிப்பதற்குத்தான் காரணம்.

அதே குறிப்பில் இன்னும் இரண்டு எண்கள் உள்ளன. வெயிலைக் காட்டி வாதிடுபவர்கள் அவற்றைப் பொருட்படுத்துவதே இல்லை. நலமான தன்னார்வலர்களிடம் பேட்ச்சின் மேலேயே சூடு வைத்துப் பார்த்த ஆய்வில், உடலுக்குள் சேர்ந்த மொத்த மருந்து சராசரியாக 120 சதவீதமும், உச்ச அளவு 61 சதவீதமும் கூடின. மேலே சொன்ன ‘மூன்றில் ஒரு பங்கு’ மதிப்பீட்டோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். மொத்த அளவு இரு மடங்கைத் தாண்டுகிறது. உச்சத்தைவிட மொத்தம் அதிகம் கூடியிருப்பதால், சூடு ஒரு நொடி உச்சத்தை உண்டாக்கிவிட்டுப் போவதில்லை, மணிக்கணக்கில் கூடுதல் மருந்தை உள்ளே தள்ளுகிறது என்று படிக்கவே இடமிருக்கிறது. சிறிய ஆய்வு ஒன்றிலிருந்து இதற்கு மேல் போக நான் துணியமாட்டேன். ஆனால் ஆபத்து எந்தத் திசையில் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை: தோலைத் தொடும் சூட்டில்.

தோலைத் தொடும் சூடு எவை என்று குறிப்பு தரும் பட்டியலைப் பாருங்கள்: மின்சாரப் போர்வை, சூடேற்றிய நீர்ப்படுக்கை, நீராவி அறை, வெந்நீர்த் தொட்டி போன்றவை. மதுரைச் சமவெளியில் இவற்றை எந்த வீட்டில் தேடுவது? பட்டியலைக் கேட்கும் குடும்பம் ‘நம்ம வீட்டில் அதெல்லாம் இல்லை’ என்று நிம்மதியாகத் திரும்பும். அதே வீட்டில் இரவில் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து இடுப்பில் ஒத்தடம் கொடுப்பார்கள். நொச்சியிலையையோ எருக்கிலையையோ வாட்டி வைப்பார்கள், வெந்நீர்ப் பையைக் கட்டிப் படுக்க வைப்பார்கள். வலி என்றால் ஒத்தடம் என்பது இங்கே கை தானாகச் செய்கிற வேலை, அக்கறையின் வெளிப்பாடு. கடையில் வாங்கும் வலி பிளாஸ்திரியை வலிக்கும் இடத்திலேயே ஒட்டிப் பழகியவர்கள் ஃபென்டனில் பேட்ச்சையும் அங்கேதான் ஒட்டுவார்கள். இந்த மருந்து இரத்தத்தில் கலந்து வேலை செய்வதால் ஒட்டும் இடத்துக்கும் வலிக்கும் இடத்துக்கும் தொடர்பு தேவையில்லை என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விளைவாக, ஒத்தடம் நேராகப் பேட்ச்சின் மேல் விழுகிறது.

அது விழும் நேரமும் கெட்ட நேரம். இரவில் ஒத்தடம், பிறகு தூக்கம். மூச்சு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும் அயர்வை, ‘இன்னைக்குத்தான் நல்லா தூங்குறாங்க’ என்று வீட்டார் எடுத்துக்கொள்வது இயல்பு. எழுப்பியும் சரியாக எழாதவரிடமிருந்து பேட்ச்சைக் கழற்றிவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. கழற்றிய பிறகு இரத்தத்தில் அளவு பாதியாகவே 17 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தோலுக்கு அடியில் தேங்கியிருக்கும் மருந்து தொடர்ந்து கசியும். எனவே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், ஓபியாய்டை முறிக்கும் நலோக்சோன் கொடுத்த பிறகும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

காய்ச்சல் இதற்கு அடுத்த ஆபத்து. அந்த 40 டிகிரி வாக்கியம் உண்மையில் பேசுவது காய்ச்சலைப் பற்றித்தான். அப்படிப் பார்த்தால், பேட்ச் ஒட்டியவர்களுக்கு மதுரையில் கவலைக்குரிய பருவம் கத்திரியைவிட, டெங்குவும் வைரஸ் காய்ச்சலும் பரவும் ஐப்பசி, கார்த்திகைதான். காய்ச்சலோடு கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற மருந்துகளும் வீட்டுக்குள் வருகின்றன. இவை கல்லீரலில் ஃபென்டனிலைச் சிதைக்கும் சிவைபி3ஏ4 நொதியைத் தடுக்கின்றன. வாய்ப்புண் பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோலும் அப்படியே. சூடு மருந்தை வேகமாக உள்ளே விட, இவை அதை வெளியேற விடாமல் பிடித்துக்கொள்ளும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறு: அளவைக் குறைத்து வலியைத் திரும்ப வரவழைக்கும்.

இவ்வளவு சிக்கல் எதற்கு, மார்ஃபின் மாத்திரையே போதுமே என்பார்கள். விழுங்கக்கூடியவருக்குப் போதும். முதலில் அதுவே கொடுக்கப்பட வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 மி.கி. வாய்வழி மார்ஃபினோ அதற்கு இணையான ஓபியாய்டோ ஒரு வாரமாவது எடுத்துப் பழகாதவருக்கு ஃபென்டனில் பேட்ச் கூடவே கூடாது. ஆனால் புகையிலை தின்ற வாயில் புற்று வந்து, தாடை இறுகி, வாயில் சொட்டு நீரும் இறங்காதவரிடம் மாத்திரையைப் பரிந்துரைப்பதில் பொருளில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் இந்தப் பேட்ச்சைப் புற்றுநோய் வலிக்கான இன்றியமையா மருந்துகளில் சேர்த்தது. அந்தப் பட்டியல் வெயில் ஊர்களுக்கும் உரியது.

கோடை செய்யும் உண்மையான கேடு வேறு. வியர்வையில் பேட்ச்சின் ஓரம் தூக்கிக்கொள்ளும், பாயில் உதிரும், தாத்தா மடியில் ஏறும் பேரப்பிள்ளையின் தோலில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளுக்குத் தற்செயலாக ஃபென்டனில் பேட்ச் பட்ட 26 நிகழ்வுகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2012இல் ஆராய்ந்தபோது அவற்றில் 10 மரணத்தில் முடிந்திருந்தன. அந்த 26இல் பெரும்பாலானவை இரண்டு வயதோ அதற்குக் கீழோ உள்ள குழந்தைகளுக்கு நேர்ந்தவை. மூன்று நாள் ஒட்டிய பின்னரும் பேட்ச்சில் முதலில் இருந்த மருந்தில் 28 முதல் 84 சதவீதம் வரை மிஞ்சியிருந்ததை 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எண்ணெய் தேய்க்காத, சோப்பு படாத, வெறும் தண்ணீரில் கழுவிக் காய்ந்த தோலில் மார்பின் மேற்பகுதியில் ஒட்ட வேண்டும். ஓரங்களை மருத்துவ டேப்பால் பிடிக்க வேண்டும். பழையதை ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து, புதியது வாங்க வரும்போது எண்ணித் திருப்பித் தரச் செய்ய வேண்டும். குப்பைத் தொட்டிக்குள் போகவே கூடாது.

இதையெல்லாம் வீட்டிலேயே கேட்டறிய வழி உண்டு: 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நோய்த்தணிப்புச் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் வீட்டுக்கே அனுப்புகிறது. ஒருவர் பேட்ச்சைப் பார்க்க வருகிறார். மற்றவர் இடுப்பு வலிக்குச் சூடு வைக்கச் சொல்லக்கூடியவர். இருவரும் ஒரே அட்டையில் எழுத வேண்டும். ‘ஒத்தடம் கித்தடம் கொடுக்கிறீங்களா ஆத்தா? எந்த இடத்துல?’ என்ற கேள்வி அந்த அட்டையில் முதலில் வர வேண்டும், ‘காய்ச்சல் அடிச்சுச்சா?’ அடுத்தது.

இன்னொரு ஓபியாய்டான புப்ரெனார்ஃபின் பேட்ச்சுக்கு மேலே சொன்ன எண்களை அப்படியே பொருத்த முடியாது. வெப்ப எச்சரிக்கை அதற்கும் உண்டு. ஏழு நாள் தோலில் இருக்கும் அந்தப் பேட்ச்சைத் தவறான இடத்தில் ஒட்டினால் ஏழு இரவுகளின் ஒத்தடமும் அதன் மேல் விழும். ஆகவே ஒட்டும் இடத்தைத் தேர்வதில் அங்கே கண்டிப்பு இன்னும் கூடுதலாக வேண்டும்.