டிசிப்ளினா: பாடம் சாட்டையான வரலாறு

இலத்தீனில் ‘டிசிப்ளினா’ என்ற சொல்லுக்கு முதற்பொருள் கல்வி. மாணவனைக் குறிக்கும் ‘டிசிப்புலுஸ்’ என்ற சொல்லின் உறவு அது. பாடம், பயிற்சி, படையின் கட்டுக்கோப்பு என்றே சிசரோ காலத்து இலத்தீன் அதனை வழங்கியது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் நோக்கினால், துறவி ஒருவர் தம் முதுகில் தாமே வீசிக்கொள்ளும் சாட்டைக்கு அதுவே பெயராக நிற்கிறது. இடையில் என்ன நேர்ந்தது?

மொழிபெயர்ப்பு நேர்ந்தது என்போம். எபிரேய விவிலியத்தில் ‘மூசார்’ என்றொரு சொல் உண்டு. தந்தை மகனுக்குக் கூறும் அறிவுரையும் அதுவே. பிரம்போடு சேர்த்துப் பேசப்படும் கண்டிப்பும் அதுவே. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதற்குப் ‘பைதெயா’ என்ற சொல்லை இட்டனர். குழந்தையை வளர்த்தல், கல்வி என்று பிளேட்டோவின் உலகம் பெருமையோடு பேசிய சொல் அது. இலத்தீனுக்கு வந்தபோது அவ்விடத்தில் ‘டிசிப்ளினா’ அமர்ந்தது. பிரம்பும் உடன் வந்தது. ‘அடியாத மாடு படியாது’ என்னும் நமக்கு இதில் வியப்பில்லை. ‘ஒழுங்கு’ என்ற சாதுவான சொல்லை எடுத்து ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்று நம் அலுவலகங்கள் தண்டனைக்குப் பெயரிட்டதும் இவ்வழியில்தான்.

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து விதிகளில் டிசிப்ளினா என்பது பிழை செய்த துறவிக்கு மடம் அளிக்கும் தண்டனை. அடியும் அதில் அடங்கும். அடிப்பவர் ஒருவர், அடிபடுபவர் மற்றொருவர். இவ்விருவரும் ஓருடலில் கூடியதே இச்சொல்லின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம்.

அதற்கு வாதாடியவர் 11ஆம் நூற்றாண்டின் பீட்டர் தாமியான். இத்தாலியின் ஃபோந்தே அவெல்லானா மடத்தைச் சார்ந்த அவர், தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொள்வதைப் போற்றி எழுதினார். அவர் வரலாறு எழுதிய தோமினிக் லொரிகாத்துஸ் என்ற துறவி இரும்புக் கவசத்தை உடலோடு அணிந்திருந்ததால் அப்பெயர் பெற்றவர். அவருடைய கணக்கு விசித்திரமானது. 3,000 அடிகள் ஓராண்டுத் தவத்திற்கு ஈடு. பத்துத் திருப்பாடல்கள் ஓதி முடிப்பதற்குள் 1,000 அடிகள். 150 திருப்பாடல்களையும் ஓதி முடித்தால் 15,000 அடிகள், ஐந்தாண்டுத் தவம் கழிந்தது. இப்படி இருபது முறை ஓதி, நூறாண்டுத் தவத்தை ஆறே நாள்களில் அவர் தீர்த்தாராம்! பக்தியைக் காட்டிலும் வட்டிக் கணக்கே இங்கே நம் கண்ணில் படுகிறது.

1260இல் பெரூஜியா நகரில் சாட்டை வீதிக்கு வந்தது. மடத்தின் தனிமையைத் துறந்து ஊர்வலமாயிற்று. அதில் கிளைத்த பொதுமக்களின் சபைகளுக்கு ‘டிசிப்ளினாத்தி’ என்று பெயர். அச்சபையினர் மக்கள் பேச்சுமொழியில் பாடிய ‘லவுதே’ என்ற பாடல்கள் உரையாடல் வடிவம் கொண்டன. இத்தாலிய நாடகத்தின் தொடக்கங்களுள் அவையும் ஒன்று. சாட்டையடியின் நிழலில் ஒரு கலை பிறந்ததை எவ்வாறு மதிப்பிடுவதென்று நமக்கு விளங்கவில்லை.

கறுப்பு மரணம் ஐரோப்பாவைச் சூறையாடிய 1349இல் இவ்வூர்வலங்கள் மீண்டும் பெருகின. ஒரு குழுவின் பயணம் முப்பத்து மூன்றரை நாள்கள்; இயேசு வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கு அது. குருமாரைப் புறக்கணித்தவர்கள் என்றும், யூதர் குருதியைச் சிந்தியவர்கள் என்றும் குற்றஞ்சாட்டிப் போப்பாண்டவர் ஆறாம் கிளமெண்ட் 1349 அக்டோபர் 20 அன்று அவர்களைத் தடை செய்தார். இவர்களுக்கு நிலைத்த பெயர் ‘ஃபிளாஜெல்லான்ட்’. சிறு சாட்டையைக் குறிக்கும் ‘ஃபிளாஜெல்லும்’ என்பதன் வழிவந்தது. கருவி தெரிகிறது, கல்வி மறைந்துவிட்டது. பெர்க்மனின் ‘ஏழாவது முத்திரை’ (1957) கண்டவர்கள் அந்த ஊர்வலத்தை மறந்திருக்க மாட்டார்கள். மடங்களுக்குள்ளோ சாட்டை பழைய பெயரிலேயே நெடுங்காலம் தொடர்ந்தது.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் தவக்காலத்து உண்ணாநோன்பு முதலியவற்றை ‘ஒறுத்தல் முயற்சி’ என்கின்றனர். திருக்குறளின் பொறையுடைமை அதிகாரத்தில் ஒறுத்தல், பொறுத்தலுக்கு எதிர்ச்சொல்; தீங்கிழைத்த பிறனைத் தண்டித்தல். அங்கே ஒறுக்கப்படுபவன் எதிரே நிற்கிறான்.