குளிரில் பிறந்த உதவி

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பழைய வீட்டு நிலவறை ஒன்றில் இறங்கினால், சுவரோரமாக நெஞ்சளவு உயர இரும்புத் தொட்டி ஒன்றைப் பார்க்கலாம். பெரும்பாலும் 275 கேலன் பிடிக்கும். லாரிக்காரர் வெளியே குழாயைச் செருகித் திறந்ததும் விசில் சத்தம் கேட்கும். எண்ணெய் ஏற ஏற உள்ளிருக்கும் காற்று வெளியேறும் சத்தம் அது. தொட்டி நிறைந்தால் விசில் நின்றுவிடும். ஏழை வீடுகளில் அதற்கு முன்பே குழாயை மூடச் சொல்லிவிடுவார்கள். கையிலிருக்கும் காசுக்கு அவ்வளவுதான் எண்ணெய்.

1973இல் அந்த எண்ணெய் கேலன் சுமார் 23 சென்ட். அந்த அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. 1979இல் ஈரான் புரட்சி. 1980இல் அதே ஒரு கேலன் 97 சென்ட் ஆகிவிட்டது. பெட்ரோல் விலை ஏறினால் காரை விட்டுவிட்டு நடக்கலாம். ஜனவரியில் கணப்பை அணைத்துவிட்டுத் தூங்க முடியாது. ‘ஹீட் ஆர் ஈட்’ என்று அங்கே சொல்வார்கள். சூடா, சோறா? ஒன்றுக்குத்தான் காசு இருக்கும்.

முதலில் வந்த உதவி பணமாக வரவில்லை. 1973-74 குளிர்காலத்தில் மெய்ன் மாநிலத்தில் ஏழைகளின் வீடுகளுக்குப் போய் ஜன்னல்களில் பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டினார்கள், சந்துகளை அடைத்தார்கள். இருக்கிற சூடாவது வெளியே போகாமல் இருக்கட்டும் என்ற எண்ணம். 1976-77 குளிர் கடுமையாக இருந்தது. அதிபர் கார்ட்டர் ஸ்வெட்டர் அணிந்து தொலைக்காட்சியில் தோன்றி, பகலில் 65 டிகிரி, இரவில் 55 டிகிரி பாரன்ஹீட் போதும் என்று கேட்டுக்கொண்டார். நல்ல வேண்டுகோள்தான். ஆனால் தொட்டியே காலியாக இருக்கும் வீட்டில் எதைக் குறைப்பது? அந்த ஆண்டுதான் ஏழைகளின் கட்டண பாக்கியைத் தீர்க்க மத்திய அரசு 20 கோடி டாலர் ஒதுக்கியது.

இந்தக் கதையில் என் மனதுக்கு மிகவும் நியாயமாகப் பட்ட கட்டம் 1980. அரசு வைத்திருந்த எண்ணெய் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினால் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு உழைக்காமலே லாபம் கொட்டும். அந்த லாபத்துக்கு வரி போடுவோம், அதில் நான்கில் ஒரு பங்கு ஏழைகளுக்குப் போகட்டும் என்று சட்டம் செய்தார்கள். விலை ஏற்றத்தால் யார் லாபம் அடைந்தாரோ அவரிடமிருந்து, யார் நடுங்கினாரோ அவருக்கு. ஆனால் அந்தப் பணத்துக்குத் தனிப் பெட்டி வைக்கவில்லை. எல்லாம் பொதுக் கஜானாவில் கலந்தது. 1981 ஆகஸ்டில் ரீகன் கையெழுத்திட்ட பட்ஜெட் சட்டத்தில், ஏழைகளின் எரிபொருள் செலவுக்கு உதவும், ‘லைஹீப்’ என்று இன்று அழைக்கப்படும் திட்டம் மாநிலங்களுக்குத் தரும் மானியமாகப் பிறந்தது. வரி 1988இல் ரத்தானது. உதவி மட்டும் மிஞ்சி, ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் கையை எதிர்பார்த்து நிற்கிறது. தகுதியுள்ள எல்லோருக்கும் உணவு உதவி கிடைக்கும், இது அப்படியில்லை. ஒதுக்கிய பணம் தீர்ந்தால், வரிசையில் நிற்பவர் தகுதியானவராக இருந்தாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

பிறந்த நேரத்துக் குளிர் அந்தத் திட்டத்தின் உடம்பில் மச்சமாக ஒட்டிக்கொண்டது. மாநிலங்களுக்குப் பங்கு பிரித்த பழைய கணக்கில், தினமும் சராசரி வெப்பநிலை 65 டிகிரிக்குக் கீழே எவ்வளவு குறைந்தது என்பதை ஆண்டு முழுக்கக் கூட்டி, அந்தத் தொகையின் வர்க்கத்தையும் சேர்த்தார்கள். பனி கொட்டும் வடக்குக்கு அள்ளிக் கொடுத்தது அது. வெயில் காயும் தெற்குக்குக் கிள்ளித்தான் கிடைத்தது. 1984இல் கணக்கைத் திருத்தினார்கள். கூடவே, வடக்கின் பங்கு பெரிதாகக் குறையாதபடி பாதுகாப்பும் சேர்த்தார்கள்.

ஆனால் வெயிலும் ஆளைக் கொல்லும். 1995 ஜூலையில் சிகாகோவில் சில நாள் வெயிலுக்கு 700 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். திருடருக்குப் பயந்து சாத்திய ஜன்னல்களுக்குள், ஏசி இல்லாமலும், இருந்த ஏசியைக் கட்டணத்துக்குப் பயந்து போடாமலும் கிடந்தவர்கள் அவர்களில் உண்டு. குளிரூட்டும் செலவுக்கு உதவ 1981 சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பணத்தில் பெரும்பகுதி இன்றும் கணப்புக்குத்தான் போகிறது.