பம்பரமும் எஞ்சினும்: டர்போவைத் தேர்ந்த வரலாறு

கிள்ளான் பள்ளத்தாக்கின் கார்ப் பட்டறைகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. விரைவுக் கார் ஒன்றை ஆசையோடு வாங்கிய இளைஞர், "இதற்கு எந்த டர்போ கிட் பூட்டலாம்?" என்று கேட்கிறார். கேட்பவர் மனத்தில் நிற்பது குதிரைத்திறனைக் குறிக்கும் எண் ஒன்றே. எந்த எஞ்சினுக்கு எது பொருந்தும் என்பதை அந்த எண் காட்டாது. அதனை அறிய, இக்கருவியின் வரலாற்றைப் பார்ப்பது நலம்.

முதலில் சொல்லை நோக்குவோம். இலத்தீன் மொழியில் 'டர்போ' என்பது சூறைக்காற்றையும் பம்பரத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல். கருவியும் அத்தகையதே. எஞ்சினிலிருந்து வெளியேறும் கழிவுப்புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் புறக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், ஆற்றலும் மிகும்.

இக்கருத்துக்கு 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பிரட் பூகி என்னும் பொறிஞர். ஆயினும் அது செவ்வனே பயன்பட இருபது ஆண்டுகள் பிடித்தன. 1925-இல்தான் டீசல் எஞ்சினின் ஆற்றலை ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்த்திக் காட்ட அவரால் இயன்றது. கருத்தில் குறையிருந்ததால் நேர்ந்த தாமதமன்று இது. சுடுபுகையைத் தாங்கும் உலோகமும், பெரு வேகத்தில் சுழலும் அச்சைத் தாங்கும் அமைப்பும் அக்கருத்துக்கு ஈடாக வளர வேண்டியிருந்தது. இதற்கிடையே, 1918-இல் அமெரிக்காவில் சான்பர்டு மாஸ் என்பவர் 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்கு விமான எஞ்சினைக் கொண்டுசென்று, காற்று மெலிந்த உயரத்திலும் டர்போவின் துணையால் அது ஆற்றல் குன்றாது இயங்குவதைக் காட்டினார்.

நம் நாட்டிலும் டர்போ புதிதன்று. விரைவுக் கார்களுக்கு முன்னரே அது தண்டவாளத்தில் வந்துவிட்டது. 1957-இல் மலாயா ரயில்வேக்கு வந்த இங்கிலீஷ் எலெக்ட்ரிக் டீசல் எந்திரங்கள் 1500 குதிரைத்திறன் உடையவை, டர்போ பூண்டவை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக வாழ்ந்த காலம் அது. இன்றைய இளைஞர் புதுமை என்று கருதும் கருவி, தாத்தாமார் காலத்திலேயே அவ்வீடுகளின் அருகே இரைந்து சென்றிருக்கிறது.

கார்களின் வரலாற்றில் முதற்பாடம் கசப்பானது. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் 'ஜெட்பயர்' என்னும் டர்போ காரை வெளியிட்டது. அதன் எஞ்சினில் அமுக்க விகிதம் 10.25-க்கு 1, டர்போவுக்கு அது மிக அதிகம். பெட்ரோல் உரிய கணத்துக்கு முன்னரே தானாக வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும் கேட்டினைத் தடுக்க, நீரும் மெதனாலும் கலந்த நீர்மத்தை எஞ்சினுக்குள் தெளிக்க வேண்டியிருந்தது. அக்கலத்தை நிரப்பப் பலரும் மறந்தனர். 1963-ஆம் ஆண்டோடு வண்டி கைவிடப்பட்டது; பல வண்டிகளில் டர்போவே கழற்றப்பட்டது. பெருநிறுவனத்துக்கே இந்நிலை என்றால், பெட்டியில் வாங்கிப் பூட்டுவோர் எத்துணை எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்!

இக்கேட்டின் காரணத்தைச் சிறு கணக்கால் விளக்கலாம். புறக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 இராத்தல். டர்போ அதனோடு 7 இராத்தல் சேர்த்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஆனால் அமுக்கப்பட்ட காற்று சூடேறும். கோலாலம்பூரின் 30 பாகைக் காற்று, சராசரித் திறமுடைய டர்போவினுள் 80 பாகையைத் தாண்டும். சூடேறிய காற்று விரியுமாதலின், ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் உண்மையில் உட்செல்லும் காற்று ஒன்றேகால் மடங்கைச் சிறிதே மிஞ்சும். அச்சூடே முன்வெடிப்பையும் தூண்டும். ஆகவே காற்றைக் குளிர்விக்கும் 'இன்டர்கூலர்' நம் வெயிலுக்கு அணிகலன் அன்று, இன்றியமையாத உறுப்பு.

இவ்வுண்மையை நம் நாட்டு புரோட்டோன் நிறுவனமே மெய்ப்பித்தது. 2011-ஆம் ஆண்டு இறுதியில் 'எக்சோரா போல்ட்' வண்டியில் அது டர்போ எஞ்சினை அளித்தது. பழைய காம்ப்ரோ எஞ்சினில் பிஸ்டனின் ஓட்டம் 88 மில்லிமீட்டர், புதியதில் 86. கொள்ளளவு 1597-இலிருந்து 1561 கன சென்டிமீட்டராகக் குறைந்தது. அமுக்க விகிதம் 10-இலிருந்து 8.9 ஆயிற்று. இவ்வாறு எஞ்சினைத் திருத்திய பின்னரே 138 குதிரைத்திறன் கிட்டியது. தொழிற்சாலையே வெறும் டர்போவைப் பூட்டி நிறைவடையவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பட்டறைகள் இதனை முன்னமே பட்டறிந்திருந்தன. ஜப்பானிலிருந்து கப்பலேறி வரும் 'ஹாப்கட்' என்னும் பாதி வண்டியிலிருந்து, பிறவியிலேயே டர்போ பூண்ட எஞ்சினை முழுதாக எடுத்து மாற்றுவது இங்குப் பெருவழக்காயிற்று. வீரா வண்டி மிட்சுபிஷி லான்சரை அடியொற்றியது; ஆதலால் லான்சரின் 1.8 லிட்டர் டர்போ எஞ்சின் அதற்கு எளிதில் இசைந்தது. கிட் வாங்குவதைவிட இதனை மேலெனக் கருதியவர் பலர். டர்போவுக்கென வகுக்கப்பட்ட பிஸ்டனும் எண்ணெய் வழியும் அதில் கூடவே வந்தன அன்றோ?

பெரிய டர்போவே சிறந்தது என்னும் எண்ணத்துக்கும் நம் வரலாறு மறுப்புக் கூறுகிறது. 2002-இல் கரம்ஜித் சிங், லான்சர் எவலூஷனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டோன் காரை ஓட்டி, தயாரிப்பு வண்டிகளுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார். அப்பிரிவின் விதிப்படி, டர்போவுக்குக் காற்றுச் செல்லும் வாய் 32 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. உச்ச ஆற்றல் அவ்விதம் கட்டுப்பட்டிருக்க, குறைந்த சுழற்சியிலேயே எழும் இழுவிசையும் ஓட்டுநர் திறனும் வெற்றி தந்தன. பெரிய டர்போ தாமதமாக விழிக்கும். செப்பாங் பந்தயத் திடலின் நீண்ட நேர்வழியில் அது பயன்படலாம். பிரிக்பீல்ட்ஸ் நெரிசலில் அது விழிக்குமுன் அடுத்த சிவப்பு விளக்கு வந்துவிடும்.

எனவே தேர்வோர் கேட்கவேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. என் எஞ்சினின் அமுக்க விகிதம் என்ன? பிஸ்டன்கள் தாங்குமா? காற்றும் எண்ணெயும் குளிர வழியுண்டா? எரிபொருள் அளவைத் திருத்தி அமைக்கும் கைதேர்ந்தவர் உளரா? பிரேக் புதிய வேகத்துக்கு ஈடாகுமா? 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி பெறவேண்டிய ஒப்புதல் பெற்றாயிற்றா? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே டர்போவின் அளவும், இறுதியாகக் குதிரைத்திறனும் பேசப்பட வேண்டும். நம் இளைஞர் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றனர். அதனால் உடைவது எஞ்சின் மட்டுமெனில் பணத்தோடு போயிற்று. நெடுஞ்சாலையில் உயிரும் உடன் போகலாம். கருத்துக்கு ஏற்ற உலோகம் வரும்வரை பூகி இருபது ஆண்டுகள் காத்திருந்தார். பட்டறை வாயிலில் நிற்கும் இளைஞர் சில மாதங்கள் காத்திருந்து தம் எஞ்சினை அறிந்துகொள்வது பெரிதன்று.