கடவுச்சொல் வளர்ந்த வரலாறு

ஒருவர் இன்னார் என அறிதற்கு, அவரும் காவலரும் மாத்திரம் அறிந்த ஒரு சொல்லைக் கேட்டல் மிகப் பழைய வழக்கமாகும். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியசு, உரோமர் பாசறை ஒழுங்குகளை விரித்துரைக்குமிடத்து இதனைக் குறிப்பிடுகின்றார். அன்றைய இரவுக்குரிய அடையாளச்சொல் பொறித்த மரப்பலகை, தலைவனிடமிருந்து பாசறையின் கோடியிலுள்ள பிரிவுக்குச் சென்று, பிரிவுக்குப் பிரிவு கைமாறி, இருள் சூழுமுன் அவனிடமே மீளும். மீளாதொழியின், அஃது எப்பகுதியிற் தங்கிற்று என்பது குறிகளால் உடனே அறியப்படும். தவறியோர் தண்டனை பெறுவர். எனவே, சொல்லைக் காக்கும் பொறுப்பு அதனைச் சொல்லி உட்புகுவோனுக்கு மட்டுமன்றி, அதனைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் உரியதாயிற்று. இவ்வுண்மையைக் கணினியுலகம் மறந்தமையும், மெல்ல மெல்ல மீண்டும் கற்றமையுமே கடவுச்சொல்லின் வரலாறு எனலாம்.

அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே பேர்ணாண்டோ கோர்பற்றோ தலைமையிலான குழுவினர், ஒரு கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்துதற்கேற்ற நேரப்பகிர்வு முறைமையொன்றை 1961இற் செய்துகாட்டினர். பலருடைய கோப்புகளும் ஒரே பொறியில் இருந்தமையால், அவரவர் கோப்பை அவரவரே திறத்தற்பொருட்டுக் கடவுச்சொற்கள் ஏற்படுத்தப்பட்டன. அச்சொற்கள் யாவும் உள்ளவாறே ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. பிற்காலத்து இடர்கள் பலவற்றிற்கு வித்து இதுவேயாம்.

1962இல் அலன் ஷேர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினிநேரம் போதாமையால், அக்கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் கணினியைப் பணித்தார். கணினியும் மறுப்பின்றி அச்சிட்டது. பல்லாண்டு கழித்து அவரே இதனை வெளியிட்டார். அம்முறைமையிலேயே பிறிதொரு நாள், அன்றாட அறிவித்தலுக்குரிய கோப்பும் கடவுச்சொற்கோப்பும் தவறுதலாக இடம்மாறின. கணினியிற் புகுந்த ஒவ்வொருவர் முன்னும் அனைவருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. 1990ஆம் ஆண்டுக்குரிய தூரிங் பரிசைப் பெற்ற கோர்பற்றோ, தமது பரிசுரையிலே இந்நிகழ்ச்சியை மறையாது எடுத்துரைத்தார். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் சொல்லுக்குரியோர் செய்த பிழை யாதுமில்லை என்பது கருதற்பாலது.

இதற்கு மாற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலே தோன்றிற்று. சொல்லைச் சேமித்து வையாது, அதனை ஒருவழிக் கணிப்புக்கு உட்படுத்திப் பெறும் விளைவை மாத்திரம் சேமித்தல் றோயர் நீடம் என்பவர் கண்ட வழியாகும். சொல்லிலிருந்து விளைவைப் பெறுதல் எளிது. விளைவிலிருந்து சொல்லை மீட்டல் அரிது. மோறிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விளக்கினார். பின்னர் யுனிக்ஸ் முறைமையை ஆக்கியோர், ஒவ்வொரு சொல்லுடனும் வெவ்வேறு எண்ணொன்றைக் கலந்து கணித்தனர். இருவர் ஒரே சொல்லைத் தெரிந்திருப்பினும் விளைவுகள் வேறுபடும் என்பது இதன் பயன். இக்கலப்புக்கு அவர்கள் இட்ட பெயர் ‘உப்பு’ என்பதாகும்.

எனினும், பயன்படுத்துவோர் பக்கத்திலும் குறையில்லாமலில்லை. றொபேட் மொறிஸ், கென் தொம்சன் ஆகிய இருவரும் 1979இல் வெளியிட்ட கட்டுரையிலே, தாம் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 2,831 எளிதிற் கண்டுபிடிக்கத்தக்கன எனக் காட்டினர். ஓரெழுத்தும் ஈரெழுத்துமான சொற்களும், அகராதிச் சொற்களும் அவற்றுட் காணப்பட்டன. தந்தையின் எச்சரிக்கையை உலகம் போதியவாறு மதியாமை, 1988 நவம்பர் 2ஆந் திகதி மகனால் வெளிப்பட்டது. மொறிசின் மகன் எழுதிவிட்ட நிரலொன்று கணினிக்குக் கணினி தாவிப் பரந்தது. அது கையாண்ட வழிகளுள் ஒன்று எளிய கடவுச்சொற்களை ஊகித்தலாகும்.

இணையம் பொதுமக்கள் வாழ்விற் புகுந்தபின் இக்குறைகளின் விளைவு பன்மடங்காயிற்று. 2009இல் ‘றொக்யூ’ என்னும் தாபனத்திலிருந்து ஏறத்தாழ 3 கோடி 20 இலட்சம் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. நீடம் வழிகண்டு நாற்பதாண்டு கழிந்தும், அவை மறைக்கப்படாது உள்ளவாறே வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் மிகப் பலர் தெரிந்தெடுத்தது 123456 என்பதாம். 2013இல் யாகூவின் ஏறத்தாழ 300 கோடிக் கணக்குகளும் கள்வர் கைக்குட்பட்டன. உலகம் அதனை அறிந்தது 2016இல். முழுத் தொகை வெளிவந்தது 2017இல். உரோமப் பாசறையில் ஒரு பலகை தவறியமை அன்று மாலையே அறியப்பட்டது. இங்கோ தம் சொல் களவுபோனமையை உரியவர் அறிதற்கு மூவாண்டு சென்றது. ஒரே சொல்லைப் பல இடங்களில் வழங்குவோருக்கு, ஓரிடத்துக் களவு எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுகின்றது.

ஆயினும், நெடுங்காலம் விதிகளின் சுமை பயன்படுத்துவோர் தலையிலேயே ஏற்றப்பட்டது. அமெரிக்கத் தர நிர்ணயத் தாபனம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டியைத் தழுவி, சொல்லில் எண்ணும் குறியும் விரவுதல் வேண்டும், அதனை அடிக்கடி மாற்றுதல் வேண்டும் என்னும் விதிகள் எங்கும் பரவின. மக்களோ பழைய சொல்லின் ஈற்றில் ஓரெண்ணை மாற்றி அமைந்தனர். அவ்வழிகாட்டியை எழுதிய பில் பேர், அதன் பெரும்பகுதிக்காகத் தாம் வருந்துவதாக 2017இற் கூறினார். அவ்வாண்டு அத்தாபனமும் அவ்விதிகளைக் கைவிட்டது; நீளமான சொல்லை வரவேற்றது; களவுபோன சொற்களை ஏற்றல் ஆகாது, சொற்களை உப்பிட்டே சேமித்தல் வேண்டும் எனக் காவலருக்கும் கடமை விதித்தது.

காவலரிடம் மறைபொருளையே ஒப்படையாத வழியும் இன்று உண்டு. விற்பீல்ட் டிபி, மாட்டின் எல்மன் ஆகியோர் 1976இல் வெளியிட்ட பொதுத்திறவுகோற் கொள்கை அதற்கு அடிப்படை. 2022இல் அப்பிள், கூகிள், மைக்குறோசொவ்ற் ஆகியன அக்கொள்கை வழிவந்த நுழைவுத் திறவுகோலைப் பொதுமக்களுக்கு உரியதாக்க உடன்பட்டன. இதில் மறைத்திறவுகோல் உரியவர் வசமே இருக்கும்; தாபனத்திடம் இருப்பது வெளிப்படையான மற்றைத் திறவுகோலேயாதலின், அதனைத் திருடுவோர் பெறும் பயன் இல்லை.

இம்முறை எங்கும் நிலைபெறும் வரையிற் சொல்லே காவலாகும். ஒவ்வோரிடத்திற்கும் வெவ்வேறான நெடுஞ்சொல்லும், அதனோடு இரண்டாவது சான்றும் கொள்ளுதல் அறிவுடைமை. ஏனைக் கணக்குகளை மீட்கும் வழி பெரும்பாலும் மின்னஞ்சலே ஆதலின், அதனை முதற்கண் காத்தல் வேண்டும். இவை பயன்படுத்துவோர் கடமை. இருவர் அறிந்த மறைபொருளை ஒருவர் மாத்திரம் காத்தல் இயலாது என்பது அறுபதாண்டு வரலாறு தரும் பாடமாகலின், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காத்தலும், தவறியவிடத்து உடனே உரைத்தலும் தாபனங்களின் கடமையாகும்.